மருந்து அடிக்கும் முன் இறக்கையைப் பாருங்கள்

நாவாய்ப்பூச்சியின் 'பாதி இறக்கை' நெல் விவசாயிக்குச் சொல்லும் சேதி

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் படப்பையைக் கடந்து ஒரகடம் நோக்கிப் போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது மனைப்பிரிவுகளும் தொழிற்சாலைச் சுவர்களும்தான். ஆனால் சாலையை விட்டுச் சற்று உள்ளே இறங்கினால், மணிமங்கலம், ஆதனூர் பக்கமெல்லாம் ஏரிப் பாசனத்தில் இன்றும் நெல் நிற்கிறது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பருவம் பார்த்து நடவு செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. வீட்டில் ஒருவர் கம்பெனி பேருந்தில் ஷிப்டுக்குப் போகிறார். வயலைப் பார்க்கக் கிடைப்பது விடியற்காலையில் ஒரு மணி நேரம், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை.

இந்த அவசரத்தில்தான் தவறு நடக்கிறது. பயிருக்குள் காலை வைத்ததும் பச்சையாக ஏதோ பறக்கிறது. "பூச்சி விழுந்துடுச்சு" என்று முடிவாகிவிடுகிறது. கடைக்குப் போய் ஏதாவது ஒரு மருந்தை வாங்கி, அன்றைக்கே அடித்தும் முடித்துவிடுகிறார்கள். பறந்த பூச்சி எது, அது நெல்லைத் தின்ன வந்ததா, நெல்லைத் தின்னும் பூச்சியைத் தின்ன வந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. மருந்துச் செலவும் கூலியும் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். நண்பனைக் கொன்ற வயலில் இரண்டு மூன்று வாரங்களில் புகையான் பெருகி, பயிர் வட்ட வட்டமாகக் காய்ந்துபோவதுதான் பெரிய நஷ்டம்.

இதைத் தவிர்க்க வேண்டுமானால் பூச்சியின் இறக்கையைப் பார்க்கப் பழக வேண்டும். அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. இறக்கையில் நான்கைந்து பகுதிகளின் பெயரும் அவை இருக்கும் இடமும் தெரிந்தால் போதும்.

நாவாய்ப்பூச்சி என்பது எது?

வயலில் ஊர்வதையும் பறப்பதையும் பொதுவாகப் 'பூச்சி' என்றே சொல்கிறோம். பூச்சியியலில் நாவாய்ப்பூச்சி என்பது ஒரு தனிக் கூட்டம். இந்தக் கூட்டம் அடங்கிய பெரிய வரிசைக்கு 'ஹெமிப்டிரா' என்று பெயர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758-இல் பயன்படுத்திய பெயர் இது. கிரேக்க மொழியில் 'ஹெமி' என்றால் பாதி, 'ப்டெரான்' என்றால் இறக்கை. ஆக, 'பாதி இறக்கையர்' என்று பொருள்.

இந்த வரிசையில் உள்ள எல்லாப் பூச்சிகளுக்கும் வாய் ஊசிபோல இருக்கும். கடித்து மெல்லாது, குத்தி உறிஞ்சும். அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, தத்துப்பூச்சி, புகையான் ஆகியவையும் இந்த வரிசையைச் சேர்ந்தவையே. ஆனால் இவற்றின் முன்னிறக்கை அடியிலிருந்து நுனிவரை ஒரே மாதிரியாக இருக்கும். அடிப்பாதி தடித்தும் நுனிப்பாதி மெல்லியதாகவும் இருப்பது நாவாய்ப்பூச்சிகளில் மட்டும்தான். வயலில் பிரித்தறிய இதுவே முதல் அடையாளம்.

பொறிவண்டோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். பொறிவண்டின் முன்னிறக்கை முழுவதும் ஓடுபோல் கெட்டியானது. இரண்டு ஓடுகளும் முதுகின் நடுவில் நேர்கோடாகச் சேரும். நாவாய்ப்பூச்சியின் முன்னிறக்கையில் அடிப்பாதி தோல்போல இருக்கும். நுனிப்பாதி வெங்காயச் சருகுபோல் ஊடுருவித் தெரியும். உட்காரும்போது இரண்டு இறக்கைகளும் ஒன்றின் மேல் ஒன்று படிவதால், முதுகில் பெருக்கல் குறி போட்டதுபோல் ஒரு கோலம் தெரியும்.

இறக்கையில் உள்ள பகுதிகள்

இந்தப் பாதிக்குப் பாதி முன்னிறக்கைக்கு 'ஹெமிஇலைட்ரான்' என்று பெயர். பாதி உறை என்று பொருள். பின்னிறக்கை முழுவதும் மெல்லிய சவ்வு. முன்னிறக்கைக்கு அடியில் விசிறிபோல் மடிந்து கிடக்கும். பறக்கும்போது முன்னிறக்கையின் அடிப்பக்கம் பின்னிறக்கையின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். அதனால் பக்கத்துக்கு இரண்டாக உள்ள இறக்கைகள் ஒன்றுபோல அசையும்.

முன்னிறக்கையின் பகுதிகள் இவை:

ஸ்கூட்டெல்லம்: இது இறக்கை அல்ல, முதுகில் இறக்கைகளுக்கு நடுவே தெரியும் முக்கோணத் தகடு. சிறு கேடயம் என்று பொருள். மற்ற பகுதிகளைத் தேட இதிலிருந்து தொடங்குவது வசதி. நெல்லின் தூரில் இருக்கும் கருப்பு நாவாய்ப்பூச்சிக்கு இந்தத் தகடு நீண்டு வயிற்றின் பெரும் பகுதியை மூடியிருக்கும். அதைப் பார்த்தே அந்தப் பூச்சியைச் சொல்லிவிடலாம்.

கிளாவஸ்: ஸ்கூட்டெல்லத்தை ஒட்டி, இறக்கையின் உள்விளிம்பில் நீளவாக்கில் ஓடும் குறுகிய பட்டை. லத்தீனில் ஆணி என்று பொருள்.

கோரியம்: கிளாவஸுக்கு வெளியே உள்ள அகன்ற தோல் பகுதி. இந்தச் சொல்லின் பொருளும் தோல்தான். கிளாவஸுக்கும் கோரியத்துக்கும் நடுவே, துணியில் தையல் ஓடியதுபோல் ஒரு கோடு இருக்கும். வெண்டையிலும் பருத்தியிலும் வரும் சிவப்பு நாவாய்ப்பூச்சியின் இரண்டு கரும்புள்ளிகள் கோரியத்தில்தான் இருக்கின்றன.

எம்போலியம்: சில குடும்பங்களில் கோரியத்தின் வெளிவிளிம்பு மட்டும் ஒரு கோட்டால் பிரிந்து தனிப் பட்டையாக நிற்கும். அந்தப் பட்டைதான் இது.

குனியஸ்: கோரியத்தின் கடைசியில், வெளிவிளிம்புப் பக்கம் உள்ள சிறு முக்கோணம். லத்தீனில் ஆப்பு என்று பொருள். வண்டிச் சக்கரத்தில் அடிக்கும் மர ஆப்பின் வடிவம். இது எல்லா நாவாய்ப்பூச்சிகளுக்கும் இருக்காது.

மெம்பிரேன்: நுனியில் உள்ள சவ்வு. அதில் ஓடும் நரம்புகளின் எண்ணிக்கையும் அமைப்பும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். கதிர் நாவாய்ப்பூச்சிக்கு இதில் நிறைய நரம்புகள் வரிவரியாக ஓடும். புழுக்களைப் பிடித்து உறிஞ்சும் ரெடுவிட் நாவாய்ப்பூச்சிக்கு இரண்டு பெரிய கண்ணறைகள் இருக்கும். மிரிட் நாவாய்ப்பூச்சிக்கு ஒன்றோ இரண்டோ சிறு கண்ணறைகள் மட்டுமே.

இந்தச் சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பூச்சிகளை இனம் பிரித்து எழுதியவர்கள் இவற்றைக் கொண்டே எழுதியிருக்கிறார்கள். 1902 முதல் வெளிவந்த 'பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள்' வரிசையில் டிஸ்டன்ட் என்பவர் இந்திய நாவாய்ப்பூச்சிகளைத் தொகுத்தபோதும், கோயம்புத்தூரில் பணியாற்றிய டி.வி. ராமகிருஷ்ண ஐயர் 1940-இல் தென்னிந்தியப் பயிர்ப் பூச்சிகளுக்கான கையேட்டை வெளியிட்டபோதும், இவைதான் துறையின் பொதுவான சொற்கள். இன்றும் வேளாண் அலுவலரோ பல்கலைக்கழகத்தாரோ "குனியஸ் தெரிகிறதா?" என்று கேட்டால், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

ஆப்பு காட்டும் அடையாளம்

நெல் விவசாயிக்கு இந்தப் பகுதிகளில் முக்கியமானது குனியஸ். நெல் வயலில் விவசாயியின் பெரிய நண்பர்களில் ஒருவனை அதை வைத்து அடையாளம் காணலாம்.

அந்த நண்பன் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி. அறிவியல் பெயர் சிர்டோரைனஸ் லிவிடிபென்னிஸ். 'பென்னிஸ்' என்ற பின்பகுதி இறக்கையைக் குறிப்பது. பெயரிலேயே இறக்கை இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். உடல் பச்சை, தலையிலும் அதை அடுத்த கழுத்துப் பகுதியிலும் கருப்பு. உணர்கொம்புகள் நீளமாக, நன்றாகத் தெரியும்.

இதன் முன்னிறக்கையின் வெளிவிளிம்பில், நுனிக்குச் சற்று முன்னால் ஒரு சிறு வெட்டு இருக்கும். அந்த வெட்டுக்குப் பின்னால் இருப்பதுதான் ஆப்பு, அதாவது குனியஸ். வெட்டு விழுந்த இடத்தில் இறக்கை மடிந்து கீழ்நோக்கிச் சரிவதால், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பூச்சியின் பின்முனை கூரையின் தாழ்வாரம்போல் இறங்கியிருக்கும்.

இந்தப் பூச்சியின் உணவு தத்துப்பூச்சி, புகையான் ஆகியவற்றின் முட்டைகளும் குஞ்சுகளும். புகையான் தன் முட்டைகளை நெல்லின் இலையுறைக்குள், திசுவைக் கீறி உள்ளே வைக்கிறது. வெளியிலிருந்து நம் கண்ணுக்குத் தெரியாது. மிரிட் பூச்சி அதைத் தேடிக் கண்டுபிடித்து, ஊசி வாயை உள்ளே செலுத்தி உறிஞ்சிவிடுகிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1987-இல் வெளியிட்ட நெல் விவசாயியின் நண்பர்கள் பற்றிய கையேடு, ஒரு மிரிட் பூச்சி ஒரு நாளில் 7 முதல் 10 முட்டைகளை அல்லது 1 முதல் 5 தத்துப்பூச்சிகளை உண்ணும் என்கிறது. கூலி கேட்காத இந்த ஆள் ஒரு குத்துக்கு ஒன்றிரண்டு இருந்தாலே லாபம்.

பச்சையாக இருப்பதெல்லாம் பகை அல்ல

குழப்பம் வருவது நிறத்தில். பச்சைத் தத்துப்பூச்சியும் பச்சை. மிரிட் நாவாய்ப்பூச்சியும் பச்சை. முன்னது சாற்றை உறிஞ்சுவதோடு துங்ரோ நோயையும் பரப்பும். பின்னது அதன் முட்டையைத் தின்னும். அவசரத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பிரித்துப் பார்க்க மூன்று இடங்கள் உண்டு.

முதலாவது இறக்கை. தத்துப்பூச்சியின் இறக்கை முழுவதும் ஒரே தன்மை. தோல் பாதி, சவ்வுப் பாதி என்ற பிரிவு இல்லை, ஆப்பும் இல்லை. உட்காரும்போது இரண்டு பக்கமும் சாய்ந்து கூரைபோல் நிற்கும். பச்சைத் தத்துப்பூச்சியின் ஆணுக்கு இறக்கை நுனி கருப்பாக இருக்கும். மிரிட் பூச்சியின் இறக்கை முதுகில் தட்டையாகப் படிந்து, நுனியில் சவ்வு ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும்.

இரண்டாவது உணர்கொம்பு. தத்துப்பூச்சிக்கு அது மயிரிழைபோலச் சிறியது. சாதாரணமாகக் கண்ணில் படாது. மிரிட் பூச்சிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது நடத்தை. தத்துப்பூச்சி தொட்டால் பக்கவாட்டில் நகர்ந்து, பிறகு தத்தும். மிரிட் பூச்சி தத்தாது. தூரில் வேகமாக ஓடும், அல்லது பறக்கும்.

குட்டை இறக்கையும் நெட்டை இறக்கையும்

புகையான் உண்மையான நாவாய்ப்பூச்சி அல்ல. தத்துப்பூச்சிகளின் பக்கத்து இனம். ஆனாலும் அதன் இறக்கையும் ஒரு சேதி சொல்கிறது.

புகையானில் இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்றுக்கு இறக்கை உடலை விட நீளம். இன்னொன்றுக்கு இறக்கை வயிற்றின் நுனியை எட்டாது. நெட்டை இறக்கைப் பூச்சி வெகுதூரம் பறந்து புது வயலைத் தேடி வரும். வந்த இடத்தில் பயிர் செழிப்பாக இருந்தால், அடுத்த தலைமுறையில் குட்டை இறக்கைப் பெண் பூச்சிகள் நிறையப் பிறக்கும். அவற்றுக்குப் பறக்கும் வேலை இல்லை; முழுச் சக்தியும் முட்டை இடுவதில் செலவாகும். பயிர் வாடி, பூச்சி நெருக்கம் அதிகமானால் மறுபடியும் நெட்டை இறக்கைகள் பிறந்து அடுத்த வயலுக்குக் கிளம்பும். இறக்கை நீளத்தை முடிவு செய்வது பூச்சியின் உடலில் உள்ள இரண்டு இன்சுலின் ஏற்பிகள் என்று சீன ஆய்வாளர்கள் 2015-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

விவசாயிக்கு இதில் பயன் என்ன? களத்து விளக்கிலோ தெரு விளக்கிலோ நெட்டை இறக்கைப் புகையான் விழுந்து கிடந்தால், வரவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மறுநாளே தூரைப் பார்க்கத் தொடங்க வேண்டும். தூரில் குட்டை இறக்கைப் பெண் பூச்சிகள் தெரிந்தால், அவை குடியேறிவிட்டன என்று அர்த்தம். அப்போது நாலைந்து நாளுக்கு ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முட்டையைத் தின்பவன் போனால் என்ன ஆகும்?

புகையானுக்கு மருந்து அடித்த வயலிலேயே புகையான் முன்பைவிட அதிகமாக வருவதை விவசாயிகள் பலர் பார்த்திருக்கிறார்கள். மருந்து போலி என்று கடைக்காரரைத் திட்டுவதும் உண்டு. மருந்து நல்லதாகவே இருந்தாலும் இது நடக்கும். தெளித்த மருந்து வெளியில் உள்ள பூச்சிகளைக் கொல்கிறது. அதில் மிரிட் பூச்சியும் சிலந்தியும் சேர்ந்தே போகின்றன. இலையுறைக்குள் இருக்கும் முட்டைக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒரு வாரம், பத்து நாளில் அது பொரிக்கும்போது, அதைத் தின்ன வயலில் யாரும் இல்லை. இதற்கு 'மறுபெருக்கம்' என்று பெயர். செயற்கை பைரித்ராய்டு மருந்துகள், மீதைல் பாரத்தியான், பென்தியான், குயினால்பாஸ் ஆகியவை புகையானில் மறுபெருக்கத்தை உண்டாக்குபவை. புகையானுக்காக அவற்றைத் தெளிக்கக் கூடாது என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அறிவுரை.

இந்தப் பாடத்தை நாடுகளே கற்றிருக்கின்றன. இந்தோனேசியாவில் புகையான் அடிக்கடி நெல்லை அழித்துவந்தது. அடித்த மருந்துதான் அதை வளர்க்கிறது என்பது தெளிவான பிறகு, 1986 நவம்பரில் அந்நாட்டு அதிபர் ஓர் ஆணையால் 57 பூச்சி மருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தார். வயலில் உள்ள இயற்கை எதிரிகளைக் காப்பதே முதல் வேலை என்று விவசாயிகளுக்குப் பயிற்சியும் தரப்பட்டது.

அதற்கும் முன்னால் ஹவாய்த் தீவுகளில் நடந்தது இன்னொரு கதை. அங்கே கரும்பை ஒரு தத்துப்பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. பிரெடரிக் மூயர் என்ற பூச்சியியலாளர், அதன் முட்டையை உறிஞ்சும் ஒரு மிரிட் நாவாய்ப்பூச்சியை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பகுதியிலிருந்து 1920-இல் ஹவாய்க்குக் கொண்டுபோனார். சில ஆண்டுகளில் அந்தத் தத்துப்பூச்சி அடங்கியது. நம் வயலில் உள்ள பச்சை மிரிட் பூச்சிக்கு அது நெருங்கிய உறவு. அங்கே கப்பலில் கொண்டுபோய் விட வேண்டியிருந்த பூச்சியின் உறவுக்காரன், நம் ஏரிப் பாசன வயலில் தானாகவே வந்து இருக்கிறான்.

கதிரில் வருபவன் பகைதான்

நாவாய்ப்பூச்சி எல்லாமே நண்பன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கதிர் பிடித்த பின் வரும் கதிர் நாவாய்ப்பூச்சி தெளிவான பகை. ஒல்லியாக, நீண்ட கால்களோடு, சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில், பச்சையும் பழுப்பும் கலந்து இருக்கும். கிட்டப் போனாலே ஒரு கெட்ட வாடை வரும். கோரியம் நீண்டு குறுகியிருக்கும், ஆப்பு கிடையாது, சவ்வில் வரிவரியாக நரம்புகள்.

பால் பிடிக்கும் மணியைக் குத்தி உறிஞ்சுவதால் மணி பதராகும். குத்திய இடத்தில் பழுப்புப் புள்ளி விழும். பூக்கும் பருவத்தில் 100 கதிருக்கு 5 பூச்சிகள், பால் பிடிப்பதிலிருந்து முற்றும் வரை 100 கதிருக்கு 16 பூச்சிகள் என்பது பொருளாதாரச் சேத நிலை. அதற்குக் கீழே இருந்தால் மருந்துச் செலவு பூச்சியால் வரும் நஷ்டத்தைவிடக் கூடிவிடும். எல்லை தாண்டினால் முதலில் 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். ஏக்கருக்கு 200 லிட்டர் நீர் என்று கணக்கிட்டால், இடித்த வேப்பம்பருப்பு 10 கிலோ தேவை. இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும்.

படப்பைப் பக்கத்தில் இந்தப் பூச்சிக்கு ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. நெல்லில் கதிர் இல்லாத காலத்தில் இது புல்லின் கதிர்களில் வாழும். வயலை ஒட்டி வீடு கட்டாமல் விட்ட மனைகளில் புல் கதிர் விட்டு நிற்கிறது. நெல் பூத்ததும் அங்கிருந்து பூச்சி நேராக வயலுக்கு வருகிறது. நெல் பூப்பதற்கு முன்பே வரப்பிலும் ஒட்டிய மனையிலும் புல்லை அறுத்து மாட்டுக்குப் போட்டால் பாதிக் கவலை தீரும். மனைக்காரர் ஊரில் இல்லை என்றால், ஊராட்சியில் சொல்லி வெட்டலாம்.

ஆப்பு இருந்தாலும் கவனம் தேவை

குனியஸ் உள்ள பூச்சி எல்லாமே நண்பன் என்றும் சொல்ல முடியாது. முந்திரி, கொய்யா, வேம்பு ஆகியவற்றின் தளிரைக் கருக்கும் தேயிலைக் கொசுவும் மிரிட் குடும்பம்தான். அதன் இறக்கையிலும் ஆப்பு உண்டு. குனியஸ் சொல்வது குடும்பத்தை மட்டுமே. எந்தப் பயிர், எந்தப் பகுதி, என்ன நிறம் என்பதையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். நெல்லின் தூரில், 3 மில்லிமீட்டரில், பச்சையும் கருப்புமாக, ஆப்போடு இருந்தால் அது நண்பன். மரத்தின் தளிரில் இருந்தால் கதை வேறு.

இறக்கை இல்லாத நண்பனும் உண்டு. வயலில் தேங்கிய நீரின் மேல் ஓடும், எறும்பை விடச் சிறிய மைக்ரோவீலியா என்ற நீர் நாவாய்ப்பூச்சியில் இறக்கை உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. தூரிலிருந்து தவறி நீரில் விழும் புகையான் குஞ்சுகளைக் கூட்டமாகச் சேர்ந்து தின்பது இதன் வேலை.

வயலில் பார்க்கும் முறை

1. காலை வெயில் ஏறும் முன் போக வேண்டும். வரப்போரம் மட்டும் பார்த்தால் போதாது. வயலுக்குள் குறுக்காக நடந்து பத்து இடங்களில் பார்க்க வேண்டும்.

2. குத்தைச் சாய்த்து, தூரின் அடியில் ஒரு வெள்ளைத் தட்டையோ, எண்ணெய் தடவிய வெள்ளை அட்டையையோ பிடித்து, இரண்டு மூன்று முறை தட்ட வேண்டும்.

3. விழுந்தவற்றைத் தனித்தனியாக எண்ண வேண்டும்: புகையான் எத்தனை, மிரிட் எத்தனை, சிலந்தி எத்தனை. ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தால் அடுத்த பருவத்துக்கும் உதவும்.

4. சந்தேகமான பூச்சியைச் சிறு பாட்டிலில் போட்டு, குளிர்பெட்டியில் சிறிது நேரம் வைத்தால் அசையாது. பிறகு கைலென்ஸில் பார்க்கலாம். ஸ்கூட்டெல்லத்தில் தொடங்கி, கிளாவஸ், கோரியம், கடைசியாக வெளிவிளிம்பில் வெட்டு என்று வரிசையாகப் பார்த்தால் ஆப்பு தானாகக் கண்ணில் படும்.

5. புகையானுக்கு எல்லை: தூருக்கு ஒரு பூச்சி. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம்.

6. நடவிலேயே 2.5 முதல் 3 மீட்டருக்கு ஒரு முறை 30 சென்டிமீட்டர் பட்டம் விட்டால் காற்றும் வெளிச்சமும் தூருக்குப் போகும். உள்ளே போய்ப் பார்க்கவும் வழி கிடைக்கும். யூரியாவை ஒரே முறையில் கொட்டாமல் பிரித்துப் போட வேண்டும். தழைச்சத்து மிகுந்த பயிரைப் புகையான் விரும்பும்.

விவசாயிகள் வழக்கமாகக் கேட்பவை

குஞ்சுப் பருவத்தில் இறக்கையே இல்லையே, எப்படிக் கண்டுபிடிப்பது?

நாவாய்ப்பூச்சி ஐந்து குஞ்சுப் பருவங்களைக் கடந்துதான் வளர்ந்த பூச்சியாகும். கடைசி இரண்டு பருவங்களில் தோளில் சிறு மொட்டுகளாக இறக்கை தெரியும். அதில் ஆப்பு தெரியாது. அதே குத்தில் வளர்ந்த பூச்சி ஒன்றாவது இருக்கும். அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.

கைலென்ஸ் இல்லை. கைபேசி போதுமா?

அசையாத பூச்சியை வெள்ளைத் தாளில் வைத்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் இறக்கையின் மடிப்பும் உணர்கொம்பும் தெரியும். வெட்டுக் கோடு தெளிவாகத் தெரிய பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் நல்லது. நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

புகையானும் இருக்கிறது, மிரிட் பூச்சியும் இருக்கிறது. மருந்து அடிக்கலாமா?

புகையான் எல்லைக்குள் இருந்தால் வேண்டாம். நாலு நாள் கழித்து மறுபடி எண்ணுங்கள். மிரிட் கூடி, புகையான் நின்றுவிட்டால் வேலை முடிந்தது. புகையான் எல்லை தாண்டினால் வயலில் நீரை வடித்துவிட்டு, வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு, மறுபெருக்கம் உண்டாக்காத மருந்தைத் தூரில் படும்படி தெளிக்க வேண்டும். இலைக்கு மேலே அடித்துவிட்டு வந்தால் புகையானுக்குப் படாது, நண்பர்களுக்குத்தான் படும்.

பக்கத்து வயல்காரர் அடித்துவிட்டார். நானும் அடிக்க வேண்டுமா?

அவர் வயலை வைத்து முடிவு செய்ய வேண்டாம். உங்கள் தூரைத் தட்டி எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள். அடிக்காமல் விட்ட உங்கள் வயலிலிருந்துதான் அவர் வயலுக்கும் நண்பர்கள் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.